கிணறு நீங்கலாக

அன்பு மாறாத அத்தானுக்கு,

எதையும் வரிசைப்படுத்தாமல் எனக்குச் சொல்ல வராது. அது உங்களுக்குத் தெரியும். உங்கள் கல்யாணத்துக்கே பந்தியில் யார் யாருக்குப் பக்கத்தில் இருப்பது என்று தாளில் எழுதிக்கொண்டு நின்றவன் இவன் என்று எத்தனை சபையில் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். ஆகையால் முதலில் தலைப்புகள்.

1. உங்கள் வீட்டுக் காணி உறுதிப் பத்திரங்கள் இப்போது எங்கே, எப்படி இருக்கின்றன.
2. குமரன் அயர்லாந்திலிருந்து எழுதியது.
3. ஐந்தாம் கட்டைப் பட்டியலில் சேர்க்காமல் நான் மூடி வைத்தது சரி. அதில் பெயர் உள்ளவர்களின் பிள்ளைகளுக்கு அதுவே நல்லது.
4. இலுப்பையடி வளவை அளந்ததும், தவமலர் ரீச்சர் வந்ததும்.
5. ரீச்சருக்கு நான் எழுதிக் கொடுக்க நினைத்திருக்கும் கடிதம். அதைப்பற்றி உங்கள் அபிப்பிராயம்.

ஊர்ச் சிறப்பு மலருக்கு உங்கள் வீட்டுப் பழைய உறுதிகளைப் பற்றி ஒரு கட்டுரை கேட்டார்கள். தொடங்குவதும் கிழிப்பதுமாக இருந்தேன். கட்டுரை என்றால் யாரோ தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பதுபோல் இருக்கிறது. உங்களுக்கு எழுதுவதாக நினைத்துக்கொண்டதும் பேனை ஓடுகிறது. முதலிரண்டு விஷயங்களும் மலருக்குப் போகும். மற்ற மூன்றும் எங்களுக்குள். கொடுக்கும் முன் வெட்டிவிடுவேன்.

முதலாவது. பெட்டிகள் பத்திரம். உங்கள் திவசம் முடிந்த கிழமை அக்கா என்னைக் கூப்பிட்டு, இரண்டு றங்குப்பெட்டிகளையும் காட்டி, "உன்ரை அத்தான் விட்டிட்டுப்போன பிள்ளையள். கொண்டுபோய் வளர்" என்றார். நான் கொண்டுபோகவில்லை. பெட்டிகளுக்காக நானே நல்லூருக்கு அக்காவோடு வந்துவிட்டேன். உங்கள் முன்னறை இப்போது என்னுடையது. பக்கத்துக் காணியில் ரியூசன் கொட்டகை போட்டிருக்கிறார்கள். பின்னேரமானால் எங்கள் படலையை மறித்துச் சைக்கிள்கள். ஒலிபெருக்கியில் இரசாயனம் கேட்டுக்கொண்டு நான் உங்கள் பூட்டனாருடைய கையெழுத்தை வாசிக்கிறேன்.

ஓலை உறுதிகளுக்கு எண்ணெய் தடவித் துணியில் சுற்றியாயிற்று. கடதாசி உறுதிகளைக் காணிவாரியாக நாலு கட்டாகப் பிரித்தேன்: வீட்டு வளவு, தோட்டம், வயல், பனங்காணி. கச்சேரியில் அரசாங்கப் பதிவேடுகளோடு காலம் கழித்தவனுக்கு இது கஷ்டமான வேலை இல்லை. ஆனாலும் ஒவ்வொரு கட்டையும் கட்டிய பிறகு, ஏதோ ஒன்றை இடம்மாறி வைத்துவிட்டேனோ என்று அவிழ்த்துப் பார்ப்பேன். அக்கா கதவடியில் நின்று பார்த்துவிட்டுப் போவார்.

இந்தப் பெட்டிகள் இருப்பதே உங்களால்தான். யுத்தத்தில் ஊரைவிட்டு ஓடிய அன்று சைக்கிள் கரியரில் உறுதிப் பெட்டிகள் இரண்டையும் கட்டிக்கொண்டு, உடுபுடவைப் பெட்டியை விறாந்தையில் விட்டுவிட்டு வந்தீர்கள். மற்றப் பெட்டிக்குப் பிறகு வரலாம் என்று சொன்னீர்களாம். அக்கா இன்றைக்கும் வருகிற ஆட்களுக்குச் சொல்கிறார்: "என்ரை கூறைச்சீலையை விட்டிட்டு ஓலையைக் கொண்டுவந்த மனிசன்." இப்போதெல்லாம் அதைக் கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்கிறார் என்று எனக்குப் படுகிறது. நீங்கள் இருந்தபோது அப்படிச் சொன்னதில்லை.

உறுதியை எப்படி வாசிப்பது என்று, அதை எழுதும் நொத்தாரிசு வேலை பார்த்த நீங்கள் சொல்வதை நான் மலரில் எழுதத்தான் போகிறேன். காணியின் பெயர், எத்தனை பரப்பு என்பதெல்லாம் பிறகு. முதலில் நாலு எல்லையையும் பார். கிழக்கில் ஒழுங்கை, வடக்கில் இன்னாரும் பங்காளரும், மேற்கில் கோயில் காணி, தெற்கில் இன்னாருடைய மனைவி. நாலு பக்கமும் அயலவன் பெயரைச் சொல்லாமல் எனக்குக் காணி இருக்கிறதென்று இந்த ஊரில் ஒருவரும் சொல்ல முடியாது என்பீர்கள். அதைச் சொல்லும்போது ஒரு வெற்றிலைச் சிரிப்பு வரும். அதை எப்படி எழுதுவது?

இரண்டாவது, உங்கள் மகன் குமரன். அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு சின்ன நகரத்து ஆஸ்பத்திரியில் வேலை என்பது நீங்கள் இருக்கும்போதே. புதினம் என்னவென்றால், சனிக்கிழமைகளில் அந்த ஊர் நூலகத்தின் ஆவண அறைக்குப் போய்ப் பழைய கடதாசி ஒழுங்குபடுத்த உதவுகிறானாம். உங்கள் இரத்தம். நீங்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு இங்கே பெட்டிக்குக் கிட்ட வராதவன்.

அங்கே முன்பு ஒரு பெரிய குடும்பம் இருந்திருக்கிறது. கண்ணுக்கு எட்டிய நிலமெல்லாம் அவர்களுடையது. இப்போது மாளிகை கூரையில்லாமல் நிற்கிறது, கடதாசிகள் மாத்திரம் நூலகத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அவர்களுடைய நிலத்தில் குடியிருந்து உழுதவர்களின் பெயர்கள், யாருக்கு எத்தனை துண்டு நிலம், எத்தனை மாடு, கூரை நல்லதோ ஒழுக்கோ, எல்லாம் அதில் உண்டு. அமெரிக்காவிலிருந்து ஒரு கிழவர் வந்தாராம். தன் பாட்டியின் பெயரைத் தவிர ஒன்றும் தெரியாது. குமரன்தான் அந்தப் பக்கத்தை எடுத்துக் கொடுத்தானாம். ஒரு மாடு, இரண்டு துண்டு நிலம், கூரை ஒழுக்கு. அவ்வளவுதான் எழுதியிருந்தது. கிழவர் கண்ணாடியைக் கழற்றுவதும் துடைப்பதும் போடுவதுமாக அதையே திரும்பத் திரும்ப வாசித்தாராம்.

நான் அவனுக்கு நாலு கட்டுகளின் பட்டியலைத் தட்டச்சடித்து அனுப்பியிருந்தேன். அதற்கு ஒலிப்பதிவில் பதில் வந்தது. "மாமா, இங்கை பெரிய வீட்டுக்காரரைத் தேடி ஒருத்தரும் வாறேல்லை. குடியிருந்தவையைத் தேடித்தான் வருகினம். உங்கடை பட்டியலிலை முழுக்க எங்கடை ஆக்கள்தான் நிக்கினம். மற்றவை எங்கை?"

அதை மூன்று முறை போட்டுக் கேட்டேன். பதில் அனுப்பவில்லை.

மூன்றாவதுக்கு வருகிறேன். இதில் நீங்கள் இருக்கும்போதே எங்களுக்குள் ஒத்துவரவில்லை. ஐந்தாம் கட்டு, உங்களுக்கு உதவ இங்கே வந்துபோன நாட்களிலேயே நான் தனியாகப் பிரித்தது. அதில் இருப்பவை பெரும்பாலும் சீதன உறுதிகள். காணி, பொன், மாடு என்று போகும் வரிசையில் மனிதருடைய பெயரும் வருகிறது. அடிமை என்று எழுதி, பெயரை எழுதி, இனி அவளுக்குப் பிறக்கும் பிள்ளைகளும் என்று எழுதியிருக்கிறது. உங்கள் பூட்டனாருடைய தகப்பனாரின் எழுத்து முத்து முத்தான எழுத்து. அதுதான் எனக்குத் தாங்க ஏலாமல் இருந்தது.

நீங்கள் அதையும் பட்டியலில் போடு என்றீர்கள். "விட்டுப்போட்டு எழுதினால் அது பட்டியல் இல்லை மச்சான், எங்களுக்கு நாங்களே எழுதிற நற்சான்றிதழ்" என்றீர்கள். நான் தலையை ஆட்டிவிட்டுக் கட்டை அலுமாரியின் மேல்தட்டில் வைத்தேன். உங்களோடு வாதாட எனக்கு வாய் இல்லை. வாய் இல்லாதவன் தலையை ஆட்டிவிட்டுத் தன்பாட்டில் செய்வான்.

என் காரணங்கள் இவை. அயர்லாந்தில் பெரிய வீட்டுக்காரர் போய்விட்டார்கள். இங்கே நாங்களும் இருக்கிறோம், அவர்களும் இருக்கிறார்கள். மருதனார்மடச் சந்தையில் ஒரே கத்தரிக்காய்க் குவியலுக்கு முன்னால் நிற்கிறோம். ஒரே ரியூசன் கொட்டகையில் எங்கள் பேரப்பிள்ளைகளும் அவர்கள் பேரப்பிள்ளைகளும் இருந்து படிக்கிறார்கள். ஒரு பெயர் அச்சில் வந்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு இவர் யார், இவரின் தகப்பன் யார் என்று தோண்டுகிற ஆட்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். ஒரு கல்யாணப் பேச்சு வந்தால் முதலில் கையில் எடுப்பது அதைத்தான். படித்து, உத்தியோகம் பார்த்து, தலை நிமிர்ந்து நடக்கிற பிள்ளைகளின் முன்னால் நான் ஏன் அந்தத் தாளை விரிக்க வேண்டும்? மூடி வைப்பதுதான் மரியாதை. இதில் எங்கே பிழை இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் எழுதிவிட்டு இரண்டு தரம் எழும்பி நடந்துவிட்டு வந்தேன்.

நான்காவதைச் சந்தோஷமான செய்தியோடு தொடங்குகிறேன். உங்கள் வீடு நின்ற இலுப்பையடி வளவை இராணுவம் விட்டுவிட்டது, அத்தான். ஒவ்வொரு முறை காணி விடுவிப்பென்று பேப்பரில் வரும்போதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடுவீர்கள். நீங்கள் போனபிறகு வந்தது.

நான் பஸ் ஏறி, மருதனார்மடம், சுன்னாகம், தெல்லிப்பழை என்று போய் இறங்கினேன். இறங்கி நின்றால் எந்தப் பக்கம் நடப்பதென்று தெரியவில்லை. வீடு இல்லை. மதில் இல்லை. வேலி இல்லை. இலுப்பையும் இல்லை. இராணுவம் இருந்த காலத்தில் எல்லாவற்றையும் தள்ளி மட்டமாக்கியிருந்தது. கிணற்றைத் தூர்த்திருக்கிறார்கள். கிணற்றுக்கட்டின் ஒரு வளைவு மாத்திரம் மண்ணுக்கு மேலே தெரிந்தது. அதை வைத்துத்தான் வீடு எங்கே நின்றது என்று கண்டுபிடித்தேன். உங்கள் படுக்கையறை இருந்த இடத்தில் கொஞ்சநேரம் நின்றேன். எருக்கலை பூத்திருந்தது.

காணி அளக்கும் சேவையர் பழைய உறுதிகளைக் கேட்டார். வீட்டு வளவுக் கட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நேர்த்தியாக அளந்து கல் போட்டுப் பிளான் கீறித் தந்தார். பதினெட்டுப் பரப்பும் ஒரே துண்டாக, மூலை மடங்காத தாள் மாதிரி இருந்தது. பார்க்க எனக்குத் திருப்தியாகவும் இருந்தது.

தென்மேற்கு மூலை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒன்றரைப் பரப்பு. முன்பு அடிமையாக இருந்த வள்ளி என்பவளுக்கு உங்கள் பூட்டனாரின் தகப்பனார் நன்கொடையாக எழுதிக் கொடுத்தது. அந்த உறுதி ஐந்தாம் கட்டில் இருக்கிறது. சேவையரிடம் நான் அதைக் கொடுக்கவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை, அத்தான். அது என் மனதில் வரவேயில்லை. நானே மறந்துபோகும் அளவுக்கு நன்றாக மூடி வைத்திருக்கிறேன்.

போன கிழமை ஒரு பின்னேரம் ஒரு பெண் குடையை மடக்கிக்கொண்டு படலையில் நின்றார். ஐம்பது வயதிருக்கும். அக்கா வழக்கம்போல, "ஆற்றை பிள்ளை நீங்கள்?" என்று கேட்டார். யாருடைய பிள்ளை என்ற அந்தக் கேள்விக்குள் எத்தனை கேள்வி இருக்கிறதென்று எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்குத் தெரியும். வந்தவருக்கும் தெரிந்திருக்கிறது. ஒன்றையும் ஒளிக்காமல், "இலுப்பையடி வளவுக்குத் தென்மேற்கு மூலையிலை இருந்த கந்தசாமியின்ரை மகள். தவமலர். இப்ப கொக்குவிலிலை வாடகைக்கு இருக்கிறம். கணக்கு ரீச்சர்" என்றார். அக்கா உள்ளே போய்விட்டார்.

எனக்குப் பதற்றம். தேத்தண்ணி நானே போட்டேன். அவரை எந்த விதத்திலும் குறைத்து நடத்திவிடக்கூடாது என்று கண்ணாடி அலுமாரியைத் திறந்து, குமரனுடைய கல்யாணத்துக்கு வாங்கிய பொன்வரிக் கோப்பையை எடுத்துத் துடைத்து அதில் கொடுத்தேன். எனக்கு வழக்கமான சில்வர் ரம்ளர். அவர் கோப்பையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், பிறகு சிரித்தார்.

"வேறை வேறை ஏனத்திலை குடிக்கிறது எங்களுக்குப் பழக்கம்தான், ஐயா. இந்தமுறை நான் மேலை போயிட்டன் போலை."

என் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவரும் பார்த்தார். கோபமாகச் சொல்லவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்.

பிளானில் அவர்களுடைய மூலையைக் காணவில்லை. அவர்களிடம் உறுதியின் படி ஒன்று இருந்தது. ஓடிய அன்று தகப்பன் கடைசித் தங்கையைத் தூக்கிக்கொண்டு நடந்தாராம், பெட்டி வீட்டிலேயே நின்றுவிட்டது. பதிவகத்தில் கேட்டால் அந்தக் காலத்துப் பதிவு கிடைக்கவில்லை என்கிறார்கள். வருகிற புதன்கிழமை பிரதேச செயலகத்தில் காணி விசாரணை. அன்றைக்கு ஒன்றையும் காட்டாவிட்டால் எங்கள் பிளானே நிலைத்துவிடும். தகப்பன் வாடகை வீட்டில் இறந்துவிட்டார். தாய்க்கு எண்பது தாண்டிவிட்டது. தன் நிலத்தில் ஒரு கொட்டில் போட்டாவது இருந்துவிட்டுச் சாகவேண்டும் என்று விடியற்காலையில் எழும்பி, "எப்ப போறம்?" என்று கேட்கிறாராம். ஊர்ப்பக்கம் போகிற ரயில் கடக்கிற சத்தம் கேட்டால் இன்னும் பலமாகக் கேட்கிறாராம்.

"மூல உறுதி உங்களிட்டை இருக்குமெண்டு அப்பா சொன்னவர். இருக்கோ, ஐயா?"

தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். கட்டு அவருடைய கதிரைக்குப் பின்னால், அலுமாரியின் மேல்தட்டில் இருந்தது.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சந்தைக்குப் போனால் எதற்கு வந்தேன் என்று மறந்துவிடுகிறது. ஒரு உறுதியைக் கையில் எடுத்தால் மற்றதை எடுக்கத் தோன்றுகிறது. பின்னேரம் ரியூசன் விட்டுப் பிள்ளைகள் போகும்போது ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன். யாரைத் தேடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஐந்தாவது. ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். உறுதியை வெளியே எடுக்காமல் நானே ஒரு கடிதம் எழுதிக் கொடுப்பது. 'மேற்படி வளவின் தென்மேற்கு மூலை பரம்பரையாகத் தவமலர் அவர்களுடைய குடும்பத்தினர் குடியிருந்து வந்த நிலமென்பதை அறிவேன். அதை அவர்கள் ஆண்டுகொள்வதில் எமது குடும்பத்துக்கு ஆட்சேபனை எதுவும் இல்லை.' குமரனும் ஒப்பமிடுவான். அவருக்குக் காணி கிடைக்கும். அந்தச் சொல்லைப் பிரதேச செயலகக் கந்தோரில் நாலு பேருக்கு முன்னால் யாரும் வாசிக்க வேண்டியதில்லை. யாருக்கும் நோகாது.

அக்காவிடம் காட்டினேன். "கையெழுத்தை வைச்சுக் குடுத்திட்டு நிம்மதியா இரு. எங்கடை ஆக்கள் சும்மா குடுத்த காணிதானே. ஊர் முழுக்கத் தெரியும்" என்றார். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து அக்கா கேட்டு வந்த கதை அது. நீங்களும் பெருமையாகச் சொல்வீர்கள், அந்தக் காலத்திலேயே காணி எழுதிக் கொடுத்த குடும்பம் என்று.

ஆனால் நான் உறுதியை வாசித்தவன். பனையும் வழியும் வாய்க்காலும் மற்றெல்லா உரிமைகளும் என்று தாராளமாக எழுதிக்கொண்டு வந்து, கடைசியில் இப்படி முடிகிறது: 'கிணறும் கிணற்றில் தண்ணீர் அள்ளும் பங்கும் நீங்கலாக.' அந்தக் கிணறு அவர்களுடைய எல்லையிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. நீங்கள் அந்தக் கிணற்றில் குளித்து வளர்ந்தவர். அவர்கள் எங்கே தண்ணீர் எடுத்தார்கள் என்று எப்போதாவது பார்த்தீர்களா? உயிரோடு இருந்தபோது இதை உங்களிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. உறுதியை வாசித்திருந்தீர்களே. பெருமையைச் சொல்லும்போது கடைசி வரியை எங்கே வைத்துவிட்டுச் சொன்னீர்கள்?

கடிதம் நல்ல கடிதம் என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

இந்த இடத்தில் நேற்று நிறுத்தினேன். இனி எழுதுவது இன்று.

ரீச்சர் பள்ளிக்கூடம் விட்டு நேரே வந்திருந்தார். நான் கடிதத்தை நீட்டினேன். விடைத்தாள் வாசிப்பதுபோல் ஒருதரம் மேலிருந்து கீழே வாசித்துவிட்டு மேசையில் வைத்தார்.

"உறுதி கிடைச்சதோ, ஐயா?"

இந்தக் கடிதமே போதும், விசாரணையில் இதை ஏற்றுக்கொள்வார்கள் என்று விளக்கத் தொடங்கினேன்.

"கிடைச்சதோ எண்டுதான் கேட்டனான்."

"கிடைச்சது. அதிலை சில சொல்லுகள் கிடக்கு, ரீச்சர். எல்லாருக்கும் முன்னாலை வாசிப்பினம். உங்களுக்கு அது..."

"அடிமை எண்டு கிடக்கு" என்றார். வகுப்பின் கடைசி வாங்குக்கும் கேட்கிற குரல். குசினியில் அக்கா தேங்காய் திருவுகிற சத்தம் நின்றது. "அடிமையாயிருந்த வள்ளி எண்டு கிடக்கு. கிணறு நீங்கலாக எண்டும் கிடக்கு. அப்பா வருசத்துக்கு ஒருக்கால் எங்கடை படியை வெயிலிலை காயவைக்கேக்கை எங்களை இருத்தி வாசிக்க விடுறவர். நான் எழுத்துக் கூட்டிப் பழகினது அதிலைதான். எங்களுக்குத் தெரியாதது ஒண்டும் அதிலை இல்லை. நீங்கள் ஆருக்கு ஒளிக்கிறியள்?"

அவர் கடிதத்தில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார்.

"ஆட்சேபனை இல்லையாம். ஆட்சேபிக்க உரிமை இருக்கிறவைதான் அப்பிடி எழுதலாம். இது உங்கடை தயவிலை வாற காணி இல்லை, ஐயா. எங்களிட்டை உறுதி இருக்கு. அது உங்கடை அலுமாரியிலை கிடக்கு, அவ்வளவுதான்."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். "கிணறு நீங்கலாகவோ?" என்று என்னைத்தான் கேட்டார். நான் கதிரையில் ஏறி ஐந்தாம் கட்டை எடுத்து, அவிழ்த்து, அந்த வரியை வாசித்தேன். வெளியே ஒலிபெருக்கியில் யாரோ ஒரு சமன்பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா ரீச்சரின் பக்கம் திரும்பி, "உங்கடை அம்மா குடத்தோடை வந்து கிணத்தடிக்கு இஞ்சாலை தள்ளி நிப்பா. நானும் அள்ளி ஊத்தியிருக்கிறன்" என்றார்.

"ஓம். அம்மா இப்பவும் சொல்லுறவ" என்றார் ரீச்சர். "மற்றவை அரைக்குடத்தோடை போயிடுவினமாம். நீங்கள் குடம் நிறையும்வரை ஊத்துவியளாம்."

அதற்குப் பிறகு அக்கா அந்த அறையில் நிற்கவில்லை. சும்மா குடுத்த காணி என்று இனி அவர் வாயில் வராது என்று நினைக்கிறேன்.

உறுதியை ரீச்சரிடம் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தார். எல்லைகள் வந்த இடத்தில் உதடு முன்கூட்டியே அசைந்தது. கடைசித் தாளைத் திருப்பியபோது நிறுத்திவிட்டார். நன்கொடையை ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாக வள்ளி கையெழுத்துக்குப் பதிலாக ஒரு புள்ளடி போட்டிருக்கிறாள். மை ஊறிப் பரவிய இரண்டு கீறல். பக்கத்தில் நொத்தாரிசு, 'இது வள்ளி இட்டது' என்று எழுதியிருக்கிறார். நான் பலதரம் அந்தத் தாளை எடுத்திருக்கிறேன். மையின் நிலைமையைக் குறித்துக்கூட வைத்திருக்கிறேன்.

"இது எங்கடை படியிலை இல்லை" என்றார். அதுவரை இருந்த குரல் இல்லை. விரலை அந்தக் கீறலுக்கு மிகக் கிட்டக் கொண்டுபோய், தொடாமல் எடுத்துக்கொண்டார். தொடுங்கோ என்று சொல்ல நினைத்தேன். அதைச் சொல்ல நான் யார் என்றும் இருந்தது. பிறகு கைத்தொலைபேசியை எடுத்து அந்தப் புள்ளடியை மாத்திரம் படம் எடுத்தார். அம்மாவுக்குக் காட்டவாம்.

புதன்கிழமை உறுதியைக் கொண்டுபோய் அவரிடமே கொடுத்துவிடுகிறேன், அவர் வாசிக்கட்டும் என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை.

"நீங்கள்தான் வாசிக்கவேணும், ஐயா. நான் வாசிச்சால் அது முறைப்பாடு. உங்கடை பக்கத்து ஆள் வாசிச்சால் சாட்சி."

கிணற்றுப் பங்கையும் இப்போது சேர்த்து எழுதித் தரலாம், குமரனைக் கேட்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அதற்குச் சிரித்துவிட்டார். "அது தூர்ந்த கிணறெல்லே. நாங்கள் எங்கடை மூலையிலை குழாய்க்கிணறு அடிக்கப்போறம். தண்ணி வந்தால் உங்களுக்கும் தாறம்."

மலரைப் பற்றியும் கேட்டேன். இந்தக் கடிதத்தின் பின்பகுதியை வெட்டுவதாக இருந்தேன் என்று சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். "என்ரை பேரைப் போட்டே விடுங்கோ. மற்றக் குடும்பங்களை அவையளிட்டை போய்க் கேட்டுப்போட்டுப் போடுங்கோ" என்றார். இத்தனை வருடத்தில் இது எனக்குத் தோன்றவேயில்லை, அத்தான். போய்க் கேட்கலாம் என்பது.

சேவையருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். பிளானைத் திருத்த வேண்டும், பிழை என்னுடையது என்றேன். குமரனுக்கும் ஐந்தாம் கட்டைப் படமெடுத்து அனுப்பினேன். உடனே ஒரு வரி வந்தது: "அப்பா இருந்திருந்தால் இண்டைக்கு உங்களோடை சண்டை பிடிச்சிருக்கமாட்டார், மாமா." அதை வாசித்துவிட்டு உங்கள் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். எனக்குத்தான் உங்களோடு ஒரு சண்டை பாக்கி இருந்தது, கடைசி வரியைப் பற்றி. அதை இங்கே எழுதிவிட்டேன்.

புதன்கிழமைக்குப் பயமாகத்தான் இருக்கிறது. கூட்டத்தில் என் பெயரைச் சொல்லக்கூட எனக்கு வராது. ரீச்சர் போனபிறகு கதவைச் சாத்திக்கொண்டு வாசித்துப் பழகினேன். அந்தச் சொல் வந்த இடத்தில் இரண்டு தரமும் குரல் தாழ்ந்துவிட்டது. மூன்றாம் தரம் அக்கா வெளியே நின்று, "கேக்கேல்லை, பிலத்து வாசி" என்றார்.

உங்களுக்கு வாக்குத் தருகிறேன். புதன்கிழமை எழும்பி நின்று, நாலு எல்லையிலிருந்து புள்ளடி வரைக்கும், ஒரு சொல்லையும் விடாமல், குரலைத் தாழ்த்தாமல் வாசிப்பேன். அதன் பிறகு ஐந்தாம் கட்டில் பெயர் உள்ள ஒவ்வொரு குடும்பத்தின் வாசலுக்கும் போவேன். யார் கதவைத் திறப்பார்கள், யார் ஏசுவார்கள் என்று தெரியாது. ஆனாலும் போவேன்.

மேலே மூன்றாவதாக எழுதியது பிழை, அத்தான். கட்டை நான் மூடியது அவர்களுக்காக இல்லை, எங்களுக்காக.

உங்கள் மனைவியின் தம்பி, உங்கள் மச்சான்,
சிவஞானம்
நல்லூர்